பத்தரை முதல் பதினொன்றே கால் வரை

ஜூன் 3, செவ்வாய்

மனதில் குழம்பிக் கிடப்பதை எண் போட்டு எழுதிவிட்டால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். வரும் நாட்களில் நான் தீர்த்துக்கொள்ள வேண்டியவை:

1. விழுந்த கணக்கில் என் படிவம் சரி. (இது சந்தேகம் அல்ல. மற்றவை எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.)
2. அவளுக்குத் தரும் மாத்திரை வெறும் மாவாக இருக்கலாம்.
3. இடுப்பில் கட்டும் பெட்டி பழுதாக இருக்கலாம்.
4. நர்ஸ் எதையோ மறைக்கிறார்.
5. ஆய்வை நடத்தும் பேராசிரியருக்கு விழுந்த எண்ணிக்கை கூடுதலாக வேண்டியிருக்கலாம்.
6. எனக்கு வயதாகிவிட்டது, இல்லாததை இருப்பதாக நினைக்கிறேன். (இதை விட்டால் பட்டியல் நேர்மையாக இருக்காது.)

நடந்தது இது. என் மனைவிக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருடம். மருத்துவக் கல்லூரியின் ஆய்வில் அவள் சேர்ந்து நான்கு மாதம். கை நடுக்கத்துக்கு மருந்து இருக்கிறது. நிற்கும்போதும் திரும்பும்போதும் தடுமாறி விழுவதற்குச் சரியான மருந்து இன்னும் இல்லை, அதைத்தான் தேடுகிறார்கள். இருநூற்று நாற்பது நோயாளிகள். பாதிப் பேருக்கு உண்மை மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே அளவில் ஒன்றுமில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டர்களுக்கே தெரியாது என்கிறார்கள்.

என் வேலை தினமும் ஒரு படிவம் நிரப்புவது. மணிக்கு ஒரு கட்டம். விழுந்தாளா, எத்தனை முறை. அவள் இடுப்புப் பட்டையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அது தன் பாட்டுக்குத் தனியாகக் குறித்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை மூன்று மணிக்கு நர்ஸ் வந்து இரண்டையும் பார்ப்பார்.

இன்று வந்தார். பெட்டியை மடிக்கணினியோடு இணைத்தார். பிறகு வழக்கம்போல, “ஐயா, அம்மாகிட்ட அஞ்சு நிமிஷம் தனியாப் பேசிக்கிறேன்” என்றார். நான் தேநீர் போடப் போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம். தட்டோடு நான் வந்ததும் சிரிப்பு நின்றது.

அவர் கை கழுவப் போன நேரத்தில் அவர் எழுதிய நீலத் தாள் மேசையில் கிடந்தது. எனக்குத் தலைகீழாக. தலைகீழாகப் படிப்பதில் எனக்குச் சிரமமில்லை. முப்பத்தாறு வருடம் மேலதிகாரிகளின் மேசைக்கு எதிரே நின்றவன். “பெட்டி: மே 23, 10.48. மே 27, 10.41. மே 29, 10.55. ஜூன் 2, 10.39.”

நான்கு முறை விழுந்தாளாம். என் படிவத்தில் பதினான்கு நாளும் பூஜ்யம்.

ஜூன் 4, புதன்

அவளிடமே கேட்டேன். “நீ எப்பவாவது விழுந்தியா?”

“நான் விழுந்தா வீடே அதிராதா? உங்களுக்குத் தெரியாமலா போகும்?” என்றாள்.

சரிதான். வீடு அதிரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

எண் 3. கருவிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம். வானிலை நிலையத்தில் வேலை செய்த காலமெல்லாம் காலையும் மாலையும் வெப்பமானி, மழைமானி, காற்றுமானி. கருவி பொய் சொல்லாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். மழைமானிக்குள் தவளை உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மழை ஏழு மில்லிமீட்டர், தவளை மூன்று மில்லிமீட்டர்.

ஆனால் கருவியைவிட ஆள் அதிகம் பொய் சொல்வான். என் கீழே இருந்த ஒருவர் மழைக்காலத்தில் வெளியே போகச் சோம்பல்பட்டு, பார்க்காத நாட்களுக்கெல்லாம் பூஜ்யம் எழுதி வைத்தார். எங்கள் விதி எளிமையானது: பார்த்து, இல்லை என்றால் பூஜ்யம், பார்க்கவே இல்லை என்றால் கோடு. கோடு போடுவதில் அவமானம் இல்லை. நான்தான் மேலே எழுதிப் போட்டேன். எங்கோ தூரத்துக்கு மாற்றினார்கள். அவருடைய முகம் இப்போதும் சில சமயம் நினைவுக்கு வரும். நான் செய்தது சரியா என்று இன்றுவரை யோசிக்கிறேன். சரிதான் என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்கிறேன்.

இந்தப் பெட்டியைச் சரிபார்த்த சான்று எங்கே இருக்கிறது? கேட்க வேண்டும். கேட்பேனா?

ஜூன் 8, ஞாயிறு

எண் 2. மச்சினன் வந்தான். இருபது வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவன். கடையை மூடி எட்டு வருடம் ஆகியும் எல்லாருக்கும் இன்னும் மருந்து சொல்கிறான்.

“ஒண்ணு குடுங்க அத்தான், பாத்துடலாம்” என்றான். கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன். வாயில் போட்டு ஒரே கடி.

“கசப்பே இல்ல. மாவு! சுத்த மாவு! அக்காவை எலியா வச்சு சோதனை பாக்கறாங்க, நீங்க தேநீர் போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க.”

“கசக்காத மருந்து இல்லையாடா?” என்று அவள் உள்ளேயிருந்து கேட்டாள். “உன் கடையில நீ வித்ததெல்லாம் இனிப்பாத்தானே இருந்துச்சு. யாருக்குக் குணமாச்சு?”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாத்திரை குறைகிறது. அவர்கள் மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

பதினொன்றே காலுக்கு நூலகத்திலிருந்து வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். பிரம்பு நாற்காலியில் ஒரு கை வைத்தபடி. “நாற்காலி முதுகை அழுத்துது. தரைதான் சுகம். கையைக் குடுங்க” என்றாள். கொடுத்தேன், எழுந்தாள்.

போன வாரமும் இப்படித்தான் உட்கார்ந்து பழைய சட்டைப் பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் முப்பத்தோரு வருடம் விளையாட்டு டீச்சராக இருந்த உடம்பு. வளையும் தன்மை இன்னும் போகவில்லை. படிவத்தின் ‘குறிப்பு’ கட்டத்தில் எழுதினேன்: “உதவியின்றித் தானாகத் தரையில் அமர்கிறார். முன்னேற்றம்.”

அப்படியானால் மாத்திரை மாவு இல்லையோ?

ஜூன் 17, செவ்வாய்

நர்ஸ் மாத்திரையை இரண்டு முறை எண்ணினார். “ஒண்ணு குறையுதே ஐயா?”

“கீழ விழுந்து… அலமாரிக்கு அடியில உருண்டுடுச்சு.”

“பரவாயில்ல” என்று எழுதிக்கொண்டார். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இன்று ஒரு விரல் கூடியது.

பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். “அந்தப் பெட்டி என்ன சொல்லுதுன்னு நான் தெரிஞ்சுக்கலாமா?”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தாள்.

“அதை நான் உங்ககிட்ட சொல்றதுக்கு இல்ல ஐயா. தப்பா நினைக்காதீங்க.”

தப்பாகத்தான் நினைத்தேன். தேநீர் கோப்பையை எடுக்கிற சாக்கில் நீலத் தாளைப் பார்த்தேன். இந்த முறை மூன்று. ஜூன் 5, 10.44. ஜூன் 10, 10.57. ஜூன் 13, 10.50.

ஜூன் 18, புதன்

ஏழு நேரங்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

ஏழும் பத்தரைக்கும் பதினொன்றே காலுக்கும் நடுவில். ஏழும் வேலை நாட்கள். வேலை நாட்களில் பத்தரைக்கு நான் நூலகத்துக்குப் போய்ப் பத்திரிகை பார்த்துவிட்டுப் பதினொன்றே காலுக்குத் திரும்புவேன். சனி, ஞாயிறு போகமாட்டேன். சனி, ஞாயிறில் ஒரு விழுதலும் இல்லை. இதை ஆய்வின் முதல் நாளே நர்ஸிடம் நானே சொல்லியிருக்கிறேன். “வீட்டில் யாரும் கூட இல்லாத நேரம்” என்று ஒரு கேள்வி இருந்தது.

சாட்சி இல்லாத நேரம் அவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்திலேயே எல்லாம் நடக்கிறது. கெட்டுப்போன கருவி இப்படி என் கடிகாரத்தைப் பார்த்துக் கெட்டுப்போகுமா?

எண் 5. விழுதல் நிறைய இருந்தால்தானே, பிறகு குறைந்ததாகக் காட்ட முடியும்?

ஜூன் 20, வெள்ளி

எண் 3-ஐத் தீர்த்துவிட வேண்டும் என்று ஒரு காரியம் செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மதியம் இரண்டு மணிக்கு அவள் தூங்கினாள். பட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தாள். எடுத்து நான் கட்டிக்கொண்டேன். கடைசிக் கொக்கிவரை இழுத்தும் மூச்சு முட்டியது. கூடத்தில் இருபது முறை மேலும் கீழும் நடந்தேன். கட்டிலில் தொப்பென்று மூன்று முறை உட்கார்ந்தேன்: 2.10, 2.14, 2.18. உட்காருவதை விழுவதாக எழுதுகிறதா என்று பார்க்க.

மூன்றாவது முறை அவள் கண்ணைத் திறக்காமலே, “என்னங்க, பூனையா?” என்றாள்.

“ஆமா” என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

அடுக்களையில் நின்று கேட்டது, வார்த்தை மாறாமல்:

நர்ஸ்: “இருபதாம் தேதி மத்தியானம் இது யாரு நடந்தது? இது அம்மா நடையே இல்லையே. காலைத் தரையில தேய்க்கறாப்ல இருக்கு.”

மனைவி: “எனக்கென்னடி தெரியும்? பேய் நடந்திருக்கும்.”

நர்ஸ்: “பேய்க்கு எப்படிம்மா மூட்டுவலி வரும்?”

இருவரும் சிரித்தார்கள். எனக்குத் தேநீர்ப் பாத்திரம் கைதவறியது.

நீலத் தாளில் இருபதாம் தேதிக்கு எதிரே ஒன்றும் இல்லை. ஆனால் வேறு ஐந்து நேரங்கள். ஐந்தும் பத்தரைக்கு மேல், பதினொன்றே காலுக்குள்.

ஆக, பெட்டிக்கு உட்காருவதும் விழுவதும் வேறு வேறு என்று தெரிகிறது. என் நடைக்கும் அவள் நடைக்கும் வித்தியாசம்கூடத் தெரிகிறது. பெட்டி நல்ல பெட்டி. எண் 3-ஐ அடித்தாயிற்று. பெட்டி நல்லதென்றால், அதன் பெயரால் பொய் எழுதுகிற கை ஒன்று இருக்க வேண்டும்.

ஜூலை 5, சனி

கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம். நான்காவது வரைவு. ‘இட்டுக்கட்டுகிறார்கள்’ என்ற சொல்லை எடுத்தேன். திரும்பச் சேர்த்தேன்.

ஜூலை 7, திங்கள்

ஆறாவது வரைவு. மச்சினனிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். “அத்தான், இது புகாரா, விடுப்பு விண்ணப்பமா? ‘தயவுகூர்ந்து’ மட்டும் ஒன்பது எடத்துல வருது” என்றான். ஐந்தை எடுத்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. கவலைப்பட்டால் நடுக்கம் கூடும். அதனால்தான் சொல்லவில்லை. அதனால் மட்டும்தானா?

ஜூலை 9, புதன்

போட்டுவிட்டேன். தபால்பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டதும் கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது.

ஜூலை 15, செவ்வாய்

மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. நர்ஸ் வரவில்லை.

அவள் மதியமே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அந்தப் பொண்ணு ஒரு நாளும் இப்படிப் பண்ணாதே. உடம்பு சரியில்லையோ?”

“தெரியலை.”

பூனையையும் சேர்த்தால் மூன்றாவது விரல்.

ஜூலை 18, வெள்ளி

குழுவிடமிருந்து பதில். நல்லவேளை, தபாலை நான்தான் எடுத்தேன்.

புகார் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விசாரணை முடியும்வரை அந்த நர்ஸ் எந்த வீட்டுக்கும் அனுப்பப்பட மாட்டார். ஆய்வில் புதிதாக யாரும் சேர்க்கப்பட மாட்டார்கள். பழைய நோயாளிகள் மாத்திரையைக் கல்லூரிக்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். ஆகஸ்ட் 5 அன்று நாங்கள் இருவரும் நேரில் வர வேண்டும்.

இவ்வளவு வேகமாக நடந்துகொள்கிறார்கள் என்றால் குற்றம் இருக்கிறது என்று பொருளா? குற்றம் இல்லை என்று பொருளா? நர்ஸ் மறுத்து ஒரு வார்த்தை எழுதியதாகக்கூடக் கடிதத்தில் இல்லை. ஏன் மறுக்கவில்லை? குற்றமில்லாதவர் மறுப்பார்தானே?

ஜூலை 22, செவ்வாய்

மாத்திரை வாங்கக் கல்லூரிக்குப் போனேன். இரண்டாம் மாடி, ஆய்வுப் பிரிவு. ஒரு நீண்ட தாழ்வாரத்தின் தரையில் மஞ்சள் கோடுகள் ஒட்டியிருந்தார்கள்; என் வயதுக்காரர் ஒருவர் ஒவ்வொரு கோடாகத் தாண்டி நடக்க, பக்கத்தில் ஒரு டாக்டர் கையை நீட்டியபடி, தொடாமல், நடந்தார். குழந்தைக்கு நடை பழக்குவது போல. கதவருகில் பெஞ்சில் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும்.

“புதுசா சேக்கறதை நிறுத்தி வச்சிருக்காங்களாம்” என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். “அப்பா மூணு மாசமாக் காத்துக்கிட்டு இருந்தாரு. யாரோ புகார் குடுத்துட்டாங்களாம். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா சார்?”

நான் மாத்திரை டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். பதில் சொன்னேனா என்று நினைவில்லை.

ஜூலை 25, வெள்ளி

மறுபடியும் தரையில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கையைக் கொடுத்தேன். கை சில்லிட்டிருந்தது. “எவ்வளவு நேரமா உக்காந்திருக்க?” “இப்பத்தான்.”

படிவத்தில்: பூஜ்யம்.

ஜூலை 31, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

பத்தரைக்குக் கிளம்பினேன். தெருமுனை தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முப்பத்தாறு வருடம் வானத்தைப் பார்த்தவன் குடை இல்லாமல் போனேன். திரும்பினேன். மணி 10.40. சாவி போட்டு மெதுவாகத் திறந்தேன். எப்போதும் மெதுவாகத்தான் திறப்பேன்.

அவள் அடுக்களை வாசலைத் தாண்டி வந்திருந்தாள். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு கையையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, ஜன்னலைப் பார்த்து, கோல் இல்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டு. நாலு… அஞ்சு… ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு யுகம். என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட நினைத்தேன். ஆறு. ஏழு.

எட்டாவது அடிக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னால் போயிற்று. முழங்காலை மடக்கி, தோளைக் கொடுத்து, ஒரு உருளல். சத்தமே இல்லை. ஒரு மூட்டைத் துணி சரிந்த சத்தம்கூட இல்லை.

நான் அசையவில்லை. ஏன் ஓடிப்போய்த் தூக்கவில்லை? இதை எழுதும்போதும் பதில் தெரியவில்லை.

அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். “சனியன்” என்று தன் காலைத் திட்டினாள். தவழ்ந்து பிரம்பு நாற்காலிவரை வந்தாள். அதற்கு அடியிலிருந்து ஒரு கூடையை இழுத்தாள். பூண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியில் ஒரு கையை வைத்து, பூண்டு உரிக்கத் தொடங்கினாள்.

ஜூன் 10, பீன்ஸ். அதற்கு முன் பொத்தான்கள். பத்திரிகைகள். “உதவியின்றித் தானாகத் தரையில் அமர்கிறார். முன்னேற்றம்.”

என் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிய சத்தத்தில் திரும்பிப் பார்த்தாள்.

“எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?”

“நாலாவது அடியிலேருந்து.”

பூண்டைக் கூடையில் போட்டாள். “இன்னிக்கு ஏழு” என்றாள். “குறிச்சுக்கோங்க.”

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று காலை அவளாகத் தொடங்கினாள்.

“நீங்க போனதும் கதவு சாத்தற சத்தம் கேக்கும் பாருங்க, அந்த முக்கா மணி நேரம்தான் என்னுது. மிச்ச நேரமெல்லாம் யாராவது என்னைப் பாத்துக்கிட்டே இருக்கீங்க. நான் தம்ளரைத் தூக்கினாக்கூட உங்க கண்ணு கூடவே தூக்குது.”

“விழுந்து எலும்பு முறிஞ்சா?”

“முப்பத்தொரு வருஷம் பொண்ணுங்களுக்கு உயரம் தாண்டச் சொல்லிக்குடுத்தேன். முதல் மாசம் தாண்டவே விடமாட்டேன். விழ மட்டும்தான் பழக்குவேன். எனக்குத் தெரியாதா விழறதுக்கு?” கொஞ்சம் நிறுத்தி, “அடுக்களையிலேருந்து ஜன்னலுக்குப் பதினோரு அடி. ஒரு தடவை போய்ச் சேந்துட்டேன், மே மாசம். அதுக்கப்புறம் ஒன்பதைத் தாண்டலை.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நூலகத்துக்குப் போவீங்களா?”

போகமாட்டேன். அது இருவருக்கும் தெரியும்.

நர்ஸிடம் சொன்னாயா என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் சொன்னாளாம், மணி முதற்கொண்டு; ஒன்றையும் மறைக்கவில்லை. நர்ஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், யாரையாவது கூட வைத்துக்கொண்டு நடங்கள் என்று ஒவ்வொரு முறையும் திட்டியும் இருக்கிறார். “நானே சொல்றேன், நீ சொல்லாதே” என்று இவள்தான் வாக்கு வாங்கியிருக்கிறாள்.

அதனால்தான் அவர் மறுக்கவில்லை.

புகாரைப் பற்றி அவளிடம் சொன்னேன். கடிதத்தின் நகலையும் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். கை நடுக்கத்தில் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

“ஊர்ல இருக்கற எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணலை.”

“கேட்டேனே. ஜூன் நாலாம் தேதி…”

“தேதி சொல்லாதீங்க.”

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மச்சினனுக்குச் சொன்னேன். “மாத்திரை மாவுதான் அத்தான். அதுல மாத்தம் இல்ல” என்றான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குழுவில் மூன்று பேர். பேராசிரியர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கண்ணுக்குக் கீழே தூக்கமின்மை. தேய்ந்த ரப்பர் செருப்பு. இவரைத்தான் எண் ஐந்தில் அவ்வளவு பெரிய சூழ்ச்சிக்காரராக வைத்திருந்தேன்.

எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். அவள் தாளை வாங்கித் தானே மீதியைப் படித்தாள். மாத்திரையை மச்சினன் கடித்தது, நான் பட்டையைக் கட்டிக்கொண்டது, எல்லாம். பட்டையைக் கட்டிய இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். “பூனை!” என்றாள்.

பேராசிரியர் சிரித்தார்; பிறகு சிரிப்பதை நிறுத்தினார். “அந்த ஒரு நாளை நீக்கணும் சார். மாத்திரை விஷயத்தையும் எழுதிக் குடுத்துடுங்க. அதைவிட, உங்க படிவம்… அதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. இது மாதிரி எத்தனை வீட்டுலேருந்து பூஜ்யம் வந்திருக்கும்?”

அதுதான் அவர் கேட்ட கேள்வி. அதட்டவில்லை. அதட்டியிருக்கலாம்.

பிறகு அவளிடம், “எத்தனை அடி டீச்சர்?” என்றார்.

“பதினொண்ணு.”

“எதுக்காக நடக்கறீங்க?”

“ஜன்னல் அங்கதானே இருக்கு.”

பேராசிரியர் பேனாவை மூடிவைத்தார். “இருபது வருஷமா எத்தனை தடவை விழுந்தாங்கன்னு எண்ணிக்கிட்டு இருக்கோம். என்ன செய்யப் போய் விழுந்தாங்கன்னு ஒரு கட்டம் எங்க படிவத்துல இல்ல. ஒண்ணுமே செய்யாம உக்காந்திருக்கறவங்களும் விழாதவங்கதான். எங்க கணக்குல ரெண்டும் ஒண்ணு.” இதைக் குழுவிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. அடுத்த நிமிடமே, தனியாக இப்படி நடக்கக் கூடாது என்று அவளைக் கண்டித்தார். நாற்காலியும் சுவர்க் கம்பியும் எங்கே இருக்க வேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்தார்.

புகாரைத் திரும்பப் பெற்றேன். ஏழு வாரம் ஆய்வு பின்தங்கும் என்று வெளியே ஒருவர் சொன்னார். பெஞ்சில் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூன்று மணிக்கு நர்ஸ் வந்தார். நான் வாசலிலேயே நின்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது.

“மன்னிக்கணும்மா.”

“சந்தேகம் வந்தா புகார் குடுக்கத்தான் ஐயா குழு இருக்கு. நீங்க குடுத்தது தப்பில்ல.” செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “ஆனா முதல்ல என்னைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டேனே. கேட்டா சொல்லியிருப்பீங்களா?”

யோசித்தார். “மாட்டேன்.”

உள்ளே வந்து, “பதினேழு வீட்டுக்குப் போறேன். இந்த ஒரு மாசம் எல்லாரும் ஏன் வரலைன்னு கேட்டாங்க. ஒண்ணும் சொல்ல முடியலை” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

“அம்மாகிட்ட தனியாப் பேசிக்கிறேன்” என்று அவர் சொல்வதற்கு முன்பே தேநீர் போட எழுந்துவிட்டேன். நீலத் தாளை நான் பார்க்கவில்லை. (மேசையில் கிடந்தது. பார்க்கவில்லை.)

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்று சுவரில் கம்பி அடித்தாயிற்று, பேராசிரியர் படத்தில் போட்ட உயரத்தில். பிரம்பு நாற்காலி ஐந்தாவது அடிக்குப் பக்கத்தில். தரையில் மெத்தை. பழைய பள்ளிக்கூட விசில் அவள் கழுத்தில். எழுந்திருக்க முடியாவிட்டால் ஊத வேண்டும், கீழ் வீட்டுத் தையல்காரி வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். பேராசிரியர் சம்மதித்தது இவ்வளவுக்கு. என் மனம் இதற்கும் முழுதாகச் சம்மதிக்கவில்லை.

படிவத்தில் 10.30 முதல் 11.15 வரை காலையிலேயே கோடு போட்டு மேசைமேல் வைத்தேன்.

“முன்னாடியே வந்து எட்டிப் பாத்தீங்கன்னா தெரியும் சேதி” என்றாள் கதவருகில்.

பதினொன்று ஐந்துக்கே வந்துவிட்டேன். மாடிப்படியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். விசில் கேட்கவில்லை. கேட்காதது நல்லதா என்று யோசித்தேன். சரியாகப் பதினொன்றே காலுக்குச் சாவியைப் போட்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை. படிவத்தில் என் கோட்டுக்கு மேலே எறும்பு ஊர்ந்தது போல அவளுடைய சின்னக் கையெழுத்து: “9 அடி. 10.52, ஒரு முறை. கம்பியைப் பிடித்து எழுந்தேன்.”

மாலையில் ஜூன் 3-ஆம் தேதிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டாவதற்கு எதிரே கோடு போட்டேன். ஆய்வு முடியும்வரை யாருக்கும் தெரியாது. நான்காவது உண்மை, மறைத்தார், மறைக்கச் சொன்னது என் வீடு. ஐந்தாவதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். ஆறாவதை இன்னும் யோசிக்க வேண்டும்.

மழைமானியைப் பார்க்காமல் பூஜ்யம் எழுதியவரை நான் மேலே எழுதிப் போட்டேன். பிப்ரவரி முதல் ஜூலை 30 வரை, வேலை நாள் தவறாமல், அந்த முக்கால் மணி நேரத்துக்கு நானும் பூஜ்யம்தான் எழுதியிருக்கிறேன். ஒரு நாளும் நான் அங்கே இல்லை.

எண் 1 தவறு.